ஆற்றின் மேல் 120 கட்டில்கள்

முதல் நாள்: தூர்

மூன்று மாதங்களுக்கு முன் என் மகள் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தை அனுப்பினாள். நீண்ட கூடம். இரண்டு பக்கமும் வரிசையாகக் கட்டில்கள். காயக் கட்டுகளோடு ஆண்கள், நடுவில் வெள்ளை உடையில் செவிலியர்கள். "இது என்ன இடம், சொல் பார்க்கலாம்" என்று கேட்டிருந்தாள். இதில் சொல்ல என்ன இருக்கிறது? அரசு மருத்துவமனைகளில் 32 ஆண்டுகள் செவிலியராக இருந்தவள் நான். அதில் 11 ஆண்டுகள் ஆண்கள் அறுவைச் சிகிச்சை வார்டில். "வார்டு" என்று பதில் அனுப்பினேன். "இல்லை அம்மா, அது ஷெனோன்சோ அரண்மனை. அந்தக் கட்டில்களுக்குக் கீழே ஆறு ஓடுகிறது" என்றாள்.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். மகள் பாரிசில் வேலை பார்க்கிறாள். அவளைப் பார்க்க எப்படியும் வர வேண்டியிருந்தது. ஐஃபல் கோபுரத்தை ஒரு மாலையில் பார்த்து முடித்துவிட்டு, அவள் எடுத்த நான்கு நாள் விடுப்பையும் இந்த அரண்மனைக்கே ஒதுக்கச் சொல்லிவிட்டேன்.

இன்று காலை மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து அதிவேக ரயில். ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓடி, தூர் நகரத்தை ஒட்டிய நிலையத்தில் இறக்கிவிட்டது. அங்கிருந்து இன்னொரு ரயிலில் சில நிமிடங்களில் தூர். லுவார் ஆற்றுக்கும் ஷேர் ஆற்றுக்கும் நடுவில் கிடக்கும் ஊர். அக்டோபர் மாதக் குளிர் எலும்பைத் தொடுகிறது. மாலையில் லுவார் கரைவரை நடந்தோம். அகலமான, ஆழம் குறைந்த, நடுவில் மணல் திட்டுகள் கொண்ட ஆறு. அந்த மணலைப் பார்த்ததும் மனம் இளகிவிட்டது. வேறு எதுவும் இன்று எழுதுவதற்கில்லை. நாளை ஷெனோன்சோ.

இரண்டாம் நாள்: ஷெனோன்சோ

தூரிலிருந்து உள்ளூர் ரயிலில் அரை மணி நேரம். நிலையத்துக்கு எதிரிலேயே அரண்மனையின் வாசல். ஊரின் பெயரும் அரண்மனையின் பெயரும் உச்சரிப்பில் ஒன்றுதான். எழுதும்போது மட்டும் ஊர்ப் பெயருக்குக் கடைசியில் ஓர் எழுத்து கூடுதல்.

பிளேன் மரங்கள் இருபுறமும் நிற்கும் நீண்ட சாலை. உதிர்ந்த இலைகளை மிதித்துக்கொண்டு போனோம். தொலைவிலிருந்து பார்த்தால் ஆறே தெரியவில்லை. சாதாரணமான வெள்ளை மாளிகை போலத்தான் இருந்தது. தோட்டத்துப் பக்கமாகச் சுற்றிப் போன பிறகுதான் அந்தக் காட்சி விரிந்தது. ஷேர் ஆறு அமைதியாக வருகிறது. அதன் குறுக்கே ஒரு பாலம். பாலத்தின் மேல் இரண்டு மாடிக் கூடம், அதற்கும் மேலே கூரை மாடம். வளைவுகளின் நிழல் நீரில் விழுந்து, ஒவ்வொரு வளைவும் முழு வட்டமாகத் தெரிகிறது. நான் அப்படியே நின்றுவிட்டேன். மகள் என் கைப்பையை வாங்கிக்கொண்டாள்.

இதைக் கோட்டை என்பதா, அரண்மனை என்பதா? பிரெஞ்சில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். உண்மையான கோட்டையாக இங்கே எஞ்சியிருப்பது ஒரே ஒரு கோபுரம். மார்க் என்ற குடும்பத்தாரின் பழைய கோட்டையும் ஆற்றுக்குள் ஒரு மாவு ஆலையும் இங்கே இருந்தன. 1513-இல் தொமா பொயியே என்ற அரசு நிதி அதிகாரி இந்த இடத்தை வாங்கி, எல்லாவற்றையும் இடித்து, அந்தக் கோபுரத்தை மட்டும் விட்டுவைத்தார். மாவு ஆலை நின்ற அடித்தளத்தின் மீதே புதிய மாளிகை எழுந்தது. தானியம் அரைத்த இடத்தின் மேல் அரசர்கள் உறங்கியிருக்கிறார்கள்.

தொமா கட்டினார் என்று எழுதினாலும் வேலையை நடத்தியவர் அவருடைய மனைவி கத்தரீன் பிரிசொன்னேதான். இத்தாலியப் போர்களுக்காக அரசர்களோடு அலைந்துகொண்டிருந்தார் கணவர். கல் வந்ததா, தச்சன் வந்தானா என்று பார்த்தவர் மனைவி. மாடிப்படியைப் பாருங்கள். அக்காலத்துப் பிரெஞ்சு மாளிகைகளில் படிகள் சுருள் சுருளாக, கோபுரத்துக்குள் ஏறும். இங்கே இத்தாலிய முறையில் நேராக ஏறுகின்றன. பிரான்சில் அப்படிக் கட்டிய முதல் படிக்கட்டுகளில் இதுவும் ஒன்று. முழங்கால் வலியோடு ஏறிய எனக்கு, வீட்டில் நடமாடுவோரை நினைத்துக் கட்டியதாகவே பட்டது. 'இது நிறைவேறினால் என்னை நினைவில் வைப்பார்கள்' என்ற பொருளில் ஒரு வாசகத்தை இருவரும் தங்கள் குறிக்கோளாகப் பொறித்துவைத்தார்கள். தொமா 1524-இல் இத்தாலியில் இறந்தார். இரண்டு ஆண்டுகளில் கத்தரீனும் போய்விட்டார். அரச கருவூலத்துக்குத் தந்தை பட்ட கடனுக்காக 1535-இல் மகன் அரண்மனையை முதலாம் பிரான்சுவா மன்னரிடம் ஒப்படைத்துவிட்டார். ஆனாலும் தொமாவையும் கத்தரீனையும் குறிக்கும் எழுத்துகள் ஒரு சிறிய அறையின் ஓக் மரக் கூரையில் இன்னும் இருக்கின்றன. 1525-இல் செய்த கூரை. அண்ணாந்து பார்த்து அந்த அம்மாளின் எழுத்தைக் கண்டுபிடித்தபோது மகிழ்ச்சியாக இருந்தது.

அடுத்து வருபவர் தியான் த புவாத்தியே. இரண்டாம் ஆன்ரி மன்னரின் காதலி, அவரைவிட ஏறக்குறைய 20 வயது மூத்தவர். 1547-இல் அரியணை ஏறியதும் ஆன்ரி இதை அவருக்குக் கொடுத்தார். அரசரின் பரிசு அரசரோடு போய்விடும் என்பது தியானுக்குத் தெரிந்திருக்கிறது. வழக்கறிஞர்களை வைத்துப் பழைய கைமாற்றத்தையே செல்லாததாக்கி, அரண்மனையை ஏலத்துக்குக் கொண்டுவந்து, 1555-இல் முறைப்படி விலைக்கு வாங்கினார். தோட்டம் போட்டார். அடுத்த ஆண்டு பிலிபேர் த லோர்ம் என்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு ஆற்றின் குறுக்கே பாலம் கட்டத் தொடங்கினார். அப்போது அது வெறும் பாலம்தான். மேலே ஒன்றும் இல்லை.

தியானின் அறையில் நின்றபோது எனக்கு நினைவுக்கு வந்தது அவருடைய அழகு அல்ல, எலும்பு. முதுமையில் அவர் குதிரையிலிருந்து விழுந்து கால் முறிந்தது. சிகிச்சை அளித்தவர் ஆம்புருவாஸ் பாரே, அறுவைச் சிகிச்சையின் தந்தை என்று எங்கள் பயிற்சிப் பள்ளியில் படித்த அதே பாரே. நம் காலத்தில் ஆய்வாளர்கள் தியானின் எலும்புகளை அடையாளம் காண உதவியவற்றில் அந்த முறிவும் ஒன்று. அவருடைய முடியில் தங்கம் அளவுக்கு மீறி இருந்ததை 2009-இல் அறிவித்தார்கள். இளமை நீடிக்கத் தங்கக் கரைசலைக் குடித்திருக்கிறார் என்று கணிக்கிறார்கள். இளமைக்காக எதையாவது விழுங்கி, உடல் கெட்டு வார்டுக்கு வந்த எத்தனை பெண்களை நான் பார்த்திருக்கிறேன்!

அதே பாரே இன்னொரு படுக்கையருகிலும் நின்றார். 1559 ஜூன் 30, பாரிசில் திருமண விழாவை ஒட்டிய ஈட்டிப் போட்டி. எதிராளியின் ஈட்டி முறிந்து, அதன் சிம்பு ஆன்ரி மன்னரின் கண்ணருகே பாய்ந்தது. பாரே வந்தார், ஸ்பெயின் மன்னர் அனுப்பிய உடற்கூறு மேதை வெசாலியுசும் வந்தார். காயம் எப்படிப் பாய்ந்திருக்கும் என்று அறிய, மரண தண்டனைக்கு உள்ளானவர்களின் தலைகளில் அதே போல் குத்திச் சோதித்துப் பார்த்தார்களாம். மன்னர் பத்து நாள் கிடந்து ஜூலை 10-இல் இறந்தார். அந்தப் பத்து நாளும் ராணி கத்தரீன் த மெதிசி, தியானை அருகில் வரவிடவில்லை. கண்ணருகே பாய்ந்த சிம்பு, உள்ளே சீழ், காய்ச்சல், பிறகு நினைவு தப்புதல். அந்த நாட்களை என்னால் மணி மணியாகச் சொல்ல முடியும்.

மன்னர் போனதும் ராணி ஷெனோன்சோவைத் திருப்பிக் கேட்டார். முறைப்படி விலைக்கு வாங்கியதால் வெறுமனே பறிக்க முடியவில்லை. தன்னுடைய ஷோமோன் கோட்டையைக் கொடுத்து இதை மாற்றிக்கொண்டார். பல ஆண்டுகளுக்குப் பிறகு தியானின் பாலத்தின் மேலேயே கூடம் எழுப்பினார். 60 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 18 சன்னல்கள். 1577-இல் மகன் மூன்றாம் ஆன்ரிக்கு இங்கே பெரும் விருந்து வைத்தார். அதற்கும் முன்பே, 1560-இல், மூத்த மகன் இரண்டாம் பிரான்சுவாவும் மருமகளான ஸ்காட்லாந்து ராணி மேரி ஸ்டூவர்ட்டும் வந்தபோது வாணவேடிக்கை நடந்தது. பிரான்சு கண்ட முதல் வாணவேடிக்கை அது என்பார்கள்.

மேரி ஸ்டூவர்ட்டின் பெயரோடு சிறிய தேவாலய அறையையும் சொல்ல வேண்டும். ஸ்காட்லாந்துக் காவலர்கள் சுவரில் கீறிய வாசகங்கள் அங்கே இருக்கின்றன. ஆண்டும் போட்டிருக்கிறார்கள்: 1543, 1546. மனிதனின் கோபம் கடவுளின் நீதியை நிறைவேற்றாது என்பது ஒன்றின் பொருள். இந்தப் பகுதியின் வெள்ளைச் சுண்ணாம்புக்கல் வெட்டும்போது மென்மையாக இருந்து, காற்றுப் பட்டுப் பட்டு இறுகுமாம். ஒரு காவலனின் கைக் கீறலை அது ஏறக்குறைய 480 ஆண்டுகளாகப் பிடித்துவைத்திருக்கிறது.

பிறகு இரண்டாம் மாடி. வெளியே நல்ல வெயில். உள்ளே போனால் கறுப்பு. சுவர் கறுப்பு, கூரை கறுப்பு. அதில் வெள்ளி நிறத்தில் கண்ணீர்த் துளிகள், கைம்பெண்களைக் குறிக்கும் முடிச்சுக் கயிறுகள், சவக்குழி தோண்டும் மண்வெட்டிகள். இது லூயிஸ் த லோரேனின் அறை. மூன்றாம் ஆன்ரியின் மனைவி. 1589 ஆகஸ்டில் ஒரு துறவி அவர் கணவரைக் குத்திக் கொன்றான். செய்தி வந்தபோது லூயிஸ் இங்கே இருந்தார். அதன்பின் ஏறக்குறைய பதினொரு ஆண்டுகள் இந்த வீட்டிலேயே வழிபாட்டில் கழித்தார். அரச குல வழக்கப்படி வெள்ளை உடுத்தினார். ஊரார் அவரை 'வெள்ளை ராணி' என்றார்கள்.

வெள்ளை என்றதும் என் கால்கள் நகரவில்லை. என் அம்மா 34 வயதில் வெள்ளைச் சேலைக்கு மாறியவர். அவருடைய அறையில் கறுப்பும் இல்லை, வெள்ளிக் கண்ணீரும் இல்லை. ஒரு தையல் இயந்திரம் இருந்தது. லூயிசுக்கு அதுகூடக் கிடைக்கவில்லை. மாமியார் விட்டுப்போன கடனுக்காகக் கடன்காரர்கள் வாசலில் நின்றார்கள். ஆடம்பர மாளிகைக்குள் ஒரு பெண் வறுமையிலும் துக்கத்திலும் கிடந்திருக்கிறாள். மகள் ஒன்றும் பேசாமல் என் தோளில் கை வைத்து வெளியே அழைத்து வந்தாள்.

கூடத்துக்குள் நுழையும்போது மணி மூன்று. கூட்டம் நிறைந்திருந்தது. கட்டில் போட்ட இடம் எது, நடந்த வழி எது என்று எதையும் நின்று பார்க்க முடியவில்லை. இதற்காகத்தானே இவ்வளவு தூரம் வந்தேன்? நான்காம் நாள் காலையில் வாசல் திறக்கும்போதே வந்துவிடலாம் என்று மகள் சொன்னாள். சமையலறையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினோம். அது ஆற்றுக்குள் நிற்கும் தூண்களின் வயிற்றுக்குள் இருக்கிறது. செப்புப் பாத்திரங்கள், ரொட்டி அடுப்பு, இறைச்சி வெட்டும் அறை. சாமான்கள் படகில் வந்து நேராகச் சமையலறையில் இறங்குமாம்.

மூன்றாம் நாள்: ஷோமோன்

ராணி மாற்றிக் கொடுத்த கோட்டை எப்படி இருக்கிறது என்று பார்க்காமல் இருக்க முடியுமா? ஓன்சேன் நிலையத்தில் இறங்கி, லுவார் பாலத்தைக் கடந்து, மேட்டில் ஏறினோம். இதுதான் கோட்டை! தடித்த வட்டக் கோபுரங்கள், தூக்குப் பாலம். மேலிருந்து பார்த்தால் லுவார் ஆறு வளைந்து போவது முழுதாகத் தெரிகிறது.

தியானுக்கு மோசமான இடம் கிடைத்தது என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் தன் கையால் வளர்த்த தோட்டத்தை விட்டுவிட்டு வந்தவருக்கு மேட்டுக் காட்சி எந்த ஆறுதலும் தந்திருக்காது. சுவரின் மேல் விளிம்பில் தன் பெயரின் முதலெழுத்தையும் வேட்டைக் கொம்பையும் அம்பறாத்தூணியையும் செதுக்க வைத்தார். இங்கே அதிகம் தங்கவில்லை. தன்னுடைய ஆனே மாளிகைக்குப் போய் 1566-இல் அங்கேயே இறந்தார்.

இங்கே ஓர் இந்திய நினைவும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இதன் உரிமையாளர்களாக இருந்த புரொய் பிரபு குடும்பத்துக்குக் கபூர்தலா மகாராஜா ஒரு யானையைப் பரிசளித்தார். லுவார் கரைக் குளிரில் அந்த யானை! குதிரை லாயங்களைச் சுற்றி வந்தபோது மனம் அதையே நினைத்துக்கொண்டிருந்தது. சங்கிலி கட்டி, கரும்பு ஊட்டி, பெயர் சொல்லி அழைக்கத் தன் மொழி தெரிந்தவர் அருகில் இருந்தாரா?

மற்றபடி இன்றைய பொழுது தோட்ட விழாவில் போய்விட்டது. 1992 முதல் ஆண்டுதோறும் இங்கே நடக்கிறது. பருவத்தின் கடைசி நாட்கள் என்பதால் பூக்கள் வாடத் தொடங்கியிருந்தன. மாலை ரயிலில் உறங்கிவிட்டேன்.

நான்காம் நாள்: மீண்டும் ஷெனோன்சோ

வாசல் திறந்ததும் முதல் ஆளாக நுழைந்தோம். ஆற்றின் மேல் மூடுபனி. மற்றவர்கள் படுக்கையறைகளைப் பார்க்கத் திரும்ப, நாங்கள் நேராகக் கூடத்துக்குப் போனோம். யாரும் இல்லை.

கறுப்புப் பலகைக் கல்லும் வெள்ளைச் சுண்ணாம்புக்கல்லும் மாறி மாறிப் பதித்த தரை, சதுரங்கப் பலகை போல. மேலே மர உத்திரங்கள். இந்தக் கோடியில் ஒரு கணப்பு, அந்தக் கோடியில் ஒன்று. ஆனால் அந்தக் கோடிக் கணப்பு வெறும் அலங்காரம். அதன் நடுவில் கதவுதான் இருக்கிறது. ஆக, நெருப்பு மூட்ட உண்மையில் ஒரே ஓர் இடம். தரைக்குக் கீழே ஆறு. ஜனவரி மாதத்தில் இந்தக் கூடம் எப்படிக் குளிர்ந்திருக்கும் என்ற கவலைதான் எனக்கு முதலில் வந்தது.

1914-இல் முதல் உலகப் போர் தொடங்கியபோது அரண்மனை மெனியே குடும்பத்திடம் இருந்தது. நுவாசியேல் ஊரில் பெரிய சாக்லேட் ஆலை நடத்தியவர்கள். ஆன்ரி மெனியே 1913-இல் அரண்மனையை வாங்கி அதே ஆண்டில் இறந்துபோனார். அடுத்துப் பொறுப்பேற்ற சகோதரர் கஸ்தோன் மெனியே நாடாளுமன்ற மேலவை உறுப்பினர். போர் மூண்டதும் இதை ராணுவ மருத்துவமனையாக்கினார். முழுச் செலவும் அவருடையது. கூடத்தின் இரண்டு மாடிகளிலும் சேர்த்து 120 கட்டில்கள். தரைத்தளத்து அறை ஒன்றில் அறுவைச் சிகிச்சை. எக்ஸ்ரே கருவியும் இருந்தது. 1918 டிசம்பர் 31 வரை 2,254 போர் வீரர்கள் இங்கே சிகிச்சை பெற்றார்கள். மருமகள் சிமோன் மெனியே மருத்துவமனையின் தலைமைச் செவிலியராக நின்று நடத்தினார்.

நான் அளந்து பார்த்தேன். 120 கட்டில்களை இரண்டு மாடிக்கும் சரிபாதியாகப் பிரித்தால் மாடிக்கு 60. பக்கத்துக்கு 30. நீளம் 60 மீட்டர் என்றால் கட்டிலுக்கு 2 மீட்டர் இடம். அகலம் 6 மீட்டர். இருபுறமும் கட்டிலின் நீளம் போக நடுவில் 2 மீட்டர் நடைபாதை. டிரஸ்ஸிங் வண்டி போகும், ஸ்டிரெச்சர் திரும்பும். பழைய வார்டுகளில் எனக்குக் கிடைத்ததைவிட இது அதிகம். காற்று இருபுறமும் ஓடும். வெளிச்சத்துக்குக் குறைவில்லை. சீழ்ப் புண் வார்டுக்குக் காற்றும் வெளிச்சமும்தான் பாதி மருந்து. அதுவும் அந்தக் காலத்தில் பென்சிலின் கிடையாது. புண்ணைக் கழுவுவதும் கட்டுவதும் மறுநாள் மீண்டும் கழுவுவதும்தான் வைத்தியம். அதற்கு வேண்டிய வெந்நீர் எங்கிருந்து வந்திருக்கும் என்று யோசித்தபோதுதான் தூண்களுக்குள் பார்த்த சமையலறை நினைவுக்கு வந்தது. மருத்துவமனைக்காக அதைப் புதிய அடுப்புகளோடு மாற்றி அமைத்திருந்தார்கள்.

மெதுவாக ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்தேன். இரவுப் பணியில் நடப்பது போலவே கால்கள் தானாக நடந்தன. ஒவ்வொரு கட்டிலின் அருகிலும் ஒரு கணம். ராணி ஆடல் பாடலுக்காகக் கட்டிய இடம் இது. ஆனால் இந்தத் தரைக்கு உரிய பெருமை அந்த நான்கு ஆண்டுகளில்தான் வந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன். வெளியே குதிரை லாயப் பக்கத்துக் கட்டடத்தில் அந்த மருத்துவமனையை நினைவூட்டும் காட்சிக்கூடம் வைத்திருக்கிறார்கள். கட்டில்கள், கருவிகள், புகைப்படங்கள். மகள் அனுப்பிய படத்தின் உலகம் அங்கே இருந்தது. ஒரு மணி நேரம் நின்றேன். பழைய கருவிகளில் பலவற்றை இவள் பெயர் சொல்லிக் கேட்க, நான் பயனைச் சொன்னேன்.

பாலம் என்பதால்தான் இந்த மாளிகையே பிழைத்தது. பிரெஞ்சுப் புரட்சியில் அதைக் காப்பாற்றியவர் லூயிஸ் ட்யூபேன் என்ற அம்மாள். 1733-இல் வரி வசூல் குத்தகைதாரரான அவர் கணவர் இதை வாங்கினார். மதாம் ட்யூபேன் அறிஞர்களை இங்கே கூட்டினார். ரூசோ அவருக்குச் செயலாளராக இருந்தார்; அவர் வீட்டுப் பையனுக்குப் பாடமும் சொன்னார். 1747 இலையுதிர் காலத்தில் இங்கே தங்கி நன்றாகச் சாப்பிட்டுத் துறவியைப் போலப் பருத்துவிட்டதாக ரூசோ எழுதியிருக்கிறார். அதைப் பலரும் சொல்கிறார்கள். மதாம் ட்யூபேன் பெண்களின் நிலை குறித்து ஒரு பெரிய நூல் எழுதிக்கொண்டிருந்தார் என்பதையும், அதற்குக் குறிப்பெடுத்தும் படியெடுத்தும் கொடுத்தவர் அதே ரூசோதான் என்பதையும் ஏன் அந்த அளவுக்குச் சொல்வதில்லை? அந்த நூல் அவர் வாழ்நாளில் அச்சேறவே இல்லை.

1789 புரட்சி வந்தபோது அவருக்கு வயது 80-ஐத் தாண்டிவிட்டது. சுற்றிலும் பிரபுக்களின் மாளிகைகள் சூறையாடப்பட்டன. அவர் இங்கேயே இருந்தார். தேவாலய அறையில் விறகை அடுக்கி அதை விறகுக் கிடங்காக்கிவிட்டார். வழிபாட்டு இடம் என்று இடிக்க வருகிறவர் கண்ணுக்கு விறகுதான் தெரியும். இந்தப் பகுதியில் ஆற்றைக் கடக்க இருந்த ஒரே பாலமும் இதுதான். இடித்தால் ஊருக்கே வழி இல்லை. ஊர் மக்களுக்கும் அந்த அம்மாள் மீது அன்பு இருந்தது. மாளிகை தப்பியது. 1799-இல், 93 வயதில், அவர் இங்கேயே இறந்தார்.

விறகு காப்பாற்றிய அந்த அறையின் வண்ணக் கண்ணாடிகள் 1944 குண்டுவீச்சில் நொறுங்கின. இப்போதிருப்பவை 1954-இல் மாக்ஸ் ஏங்ரான் செய்தவை. அந்தப் போரிலும் இந்தக் கூடத்துக்கு ஒரு பணி வந்தது. 1940-இல் ஜெர்மனி பிரான்சை இரண்டாகப் பிரித்தபோது எல்லைக்கோடு இங்கே ஷேர் ஆற்றின் மீது ஓடியது. அரண்மனையின் முன்வாசல் ஆக்கிரமிக்கப்பட்ட பகுதியில். கூடத்தின் மறுகோடிக் கதவு ஆக்கிரமிக்கப்படாத பகுதியில். அலங்காரக் கணப்பு என்றேனே, அதன் நடுவிலுள்ள அதே கதவு. தேடப்பட்டவர்கள் சிலர் இந்தக் கூடத்தின் வழியே அக்கரை சேர்ந்தார்கள். 60 மீட்டர்தான். நான் காலையில் நிதானமாக நடந்த அதே 60 மீட்டர்.

இன்று அந்தக் கதவு திறந்திருந்தது. நாங்களும் வெளியே போனோம். அக்கரையில் காடு. கூட்டம் அவ்வளவாக இல்லை. மதாம் ட்யூபேனின் கல்லறை அந்தக் காட்டில்தான் இருக்கிறது. அவர் விரும்பியபடியே அங்கே புதைத்தார்கள். என்னிடம் பூ இல்லை. வழியில் விழுந்துகிடந்த ஒரு நல்ல இலையை எடுத்து வைத்தேன்.

ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது. கரையில் உட்கார்ந்து கூடத்தைப் பார்த்தோம். பனி முழுவதும் விலகிவிட்டது. உடல் தேறி வந்த வீரர்கள் அந்தச் சன்னல்களிலிருந்து தூண்டில் போட்டு மீன் பிடித்தார்களாம். படுக்கையிலிருந்து மீன்! அதைப் படித்ததிலிருந்து என் மனம் வேறொரு கணக்கில் இறங்கிவிட்டது.

"என்ன அம்மா எண்ணுகிறாய்?" என்றாள் மகள்.

"சன்னல். பக்கத்துக்கு ஒன்பது. கட்டில் முப்பது. எல்லாருக்கும் சன்னல் கிடைக்காது."

"யாருக்குக் கொடுப்பாய்?"

தொடை எலும்பு முறிந்து மாதக் கணக்கில் மல்லாந்து கிடப்பவர்களுக்கு முதலில். பிறகு ஒரு கண்ணை இழந்து மறு கண்ணுக்குக் கட்டுப் பிரித்தவர்களுக்கு. ஊரிலிருந்து கடிதம் வராதவர்கள் எந்த வார்டிலும் நான்கைந்து பேர் இருப்பார்கள். அவர்களுக்கு மேற்குப் பக்கம், மாலை வெயில் அங்கேதான் விழும். மீதிப் பேருக்கு வாரம் ஒருமுறை கட்டிலை மாற்றிப் போட வேண்டியதுதான். கட்டில் மாற்றுவது இரண்டு ஆள் வேலை. இந்தத் தரை வழவழப்பானது, இழுத்தால் நகரும்.